புருவத்தின் மேல் ஒரு கோடு

இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவன் நான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதிக் கொடுப்பதுதான் என் சோலி. கொடைக்கானலை ஒட்டிய எங்கள் செண்பகனூரில் பேய்க் கதைகளுக்குக் குறைச்சலே கிடையாது, பனி இறங்கிவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும், அந்தப் பேச்சை எடுத்தாலே நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். நினைத்தேன் என்பதுதான் இதில் கொடுமையே.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது, எங்கள் டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "சகாயம், லேபு, வீடு, லேபு, வீடுன்னே இருக்காதீங்க, மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது ஒண்ணைக் கையில எடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படம் போடுவேன். தவளையின் குடல், இதயத்தின் நான்கு அறைகள் என்று வகுப்பில் பாதிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டில் நான்தான் வரைந்து கொடுத்தேன். அந்த நினைப்பில் இருக்கும்போது பேக்கரிக் கண்ணாடிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, ஆயில் பெயின்டிங்கில் முகம் வரையக் கற்றுத்தருகிறோம், சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, முன் அனுபவம் தேவையில்லை. போனேன்.

சொல்லிக் கொடுத்தது மீரா என்ற பெண். முப்பது வயது இருக்கும், சென்னையிலிருந்து வந்து, ரோட்டுக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் முன்பக்கக் கண்ணாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். வகுப்புக்கு வந்த எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்து முதல் நாளே சொல்லிவிட்டார், யாரும் சொந்தமாக எதுவும் வரையப் போவதில்லை, ஆளுக்கொரு பழைய ஓவியத்தைப் பார்த்து அப்படியே திரும்பப் போடப் போகிறோம் என்று.

"பழைய ஆளுங்க வெளிச்சத்தை எங்க வெச்சாங்க, நிழலை எங்க வெச்சாங்கன்னு உங்க கை கத்துக்கணும் சார். நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். அவங்க வெச்ச இடத்துல வெச்சாப் போதும்."

எனக்குக் கொடுத்த பிரிண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்திய படம், வரைந்தவர் பேரும் தெரியாது, அதில் இருப்பவர் பேரும் தெரியாது. கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான வெள்ளைக் காலர், கத்தரித்த நரைத்த தாடி, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற மனிதரின் உப்பிய கன்னம். வியாபாரியாக இருக்கும் என்றார் மீரா.

முதல் இரண்டு மூன்று வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். கட்டம் போட்டு முகத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் எத்தனை கட்டம் என்று எண்ணி வரைவது லேபில் செல்லை எண்ணுவது மாதிரியே இருந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் நிழலைப் போட்டோம். அதற்கு மேலே முகம் முழுவதையும் வெறும் சாம்பல் நிறத்தில் வரைய வேண்டும், ரத்தமே இல்லாத முகம், அதற்கு டெட் லேயர் என்று பெயர். செத்த அடுக்கு. அது காய்ந்த பிறகுதான் தோல் நிறத்தை மெல்லிசாக மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளேயிருந்து உயிர் தெரிகிற மாதிரி இருக்கும் என்றார் மீரா. பிணவறைப் பக்கம் எத்தனையோ முகம் பார்த்தவன் என்பதால் அந்தச் சாம்பல் முகம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதுவரைக்கும் படம் பிரிண்டில் இருந்தது போலவேதான் இருந்தது, அதை மீராவும் சொல்வார்.

நிறம் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் கோளாறு.

"கன்னம் ஏன் சார் இப்படி ஒட்டிப் போச்சு? ஒரிஜினலைப் பாருங்க, எவ்வளவு சதை!"

பிரிண்டில் இருந்த வெளிச்சத்தைத்தான் நான் ஏற்றியிருந்தேன். சரி, கை தப்பியிருக்கும் என்று அன்றைக்கே கன்னத்தைத் திருத்தி, மீராவும் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை போய்த் துணியை விலக்கினால் மறுபடியும் ஒட்டிப்போன கன்னம். எண்ணெயைக் கான்வாஸ் குடித்துவிட்டால் நிறம் உள்ளே இறங்கி மங்கிவிடும், கொடைக்கானல் ஈரத்தில் ஆயில் காய்வதற்குள் என்னென்னவோ ஆகும் என்றார் மீரா. நியாயமாகத்தான் பட்டது. மறுபடி திருத்தினேன். மறுபடி இறங்கியது.

அதற்கு அடுத்து அந்தக் கோடு. வலது புருவத்தின் நடுவில் தொடங்கி நெற்றிப்பொட்டுப் பக்கம் சாய்வாகப் போகிற ஒரு கோடு, நகத்தால் கீறியது போல. பிரஷ்ஷில் இருந்து ஒரு முடி கழன்று ஈரப் பெயின்ட்டில் இழுபட்டிருக்கும் என்று நினைத்துக் கத்தியின் முனையால் வழித்து மூடினேன். அடுத்த வாரம் அது அங்கேயே இருந்தது. முந்தின வாரம் கீறல் மாதிரி இருந்தது இப்போது ஆறிப்போன தழும்பு மாதிரி, நடுவில் வெளிறி, ஓரத்தில் கொஞ்சம் மேடாக. வகுப்பில் யாரோ விளையாடுகிறார்கள் என்று எனக்குக் கோபம். கேட்டும் விட்டேன். அந்த அறைச் சாவி மீராவிடம் மட்டும்தான் இருந்தது, அவர் முகம் சுண்டிப் போனதுதான் மிச்சம்.

கடைசியில் கண். கண்ணின் வெள்ளையை வெள்ளையாகப் போடக் கூடாது, கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும் என்று மீரா சொல்லி, கலந்துதான் போட்டேன். ஒரே வாரத்தில் அது மஞ்சளாகியிருந்தது. "பெயின்ட்டுல இருக்கிற லின்சீட் ஆயில் நாளாக ஆக மஞ்சளாகும் சார்" என்றார், சொல்லிவிட்டு அவரே, "ஆனா அதுக்கு வருஷக்கணக்கு ஆகணும்" என்றார். எனக்கு அந்த மஞ்சள் தெரியும். தினமும் பார்க்கிற மஞ்சள். அந்தக் கண்ணோடு ஒரு ஆள் லேபுக்கு வந்து நின்றால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே ரிசல்ட் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும், ஈரல் கெட்டுப் போயிருக்கிறது, அதுவும் ரொம்பக் கெட்டுப் போயிருக்கிறது என்று. ஒரு பெயின்ட்டைப் பார்த்து அப்படி நினைக்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

படம் வரைகிறவர்கள் அடிக்கடி பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் முகம் தெரியாது, புள்ளிதான் தெரியும். அன்றைக்கு நான் பின்சுவர் வரைக்கும் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு பார்த்தேன். வெளியே பனி வந்து கண்ணாடியை மூடியிருந்தது, மணி மூன்றரை இருக்கும், பட்டப் பகல். அந்தக் கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைக் காலருக்கும் மேலே என் அண்ணன் அந்தோணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவன், ஜீப் ஓட்டுகிறவன். அதற்குப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வில்பட்டியிலிருந்து வெள்ளனே கிளம்பி முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது, பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் கை நீட்டினால் கை தெரியாத பனி. அப்பா நிறுத்திவிட்டுப் போகலாம் என்றாராம், இவன் பழகின ரோடுதானே என்று ஓட்டியிருக்கிறான். வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்கு ஒரு சிராய்ப்புக் கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்லறையில் மண் போட்டு முடித்ததும், ஊரே நிற்கிற இடத்தில், நான் அவன் சட்டையைப் பிடித்து, "இனிமே உன் மூஞ்சிய எனக்குக் காட்டாத" என்றேன். மறுநாள் காலையில் அவன் படுக்கை சுருட்டி வைத்திருந்தது, ஆள் இல்லை. அம்மா ஆறு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்துப் போனாள். தேட வேண்டிய அளவுக்கு நான் தேடவில்லை. இதை இப்போது சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

படத்தில் இருந்தது அவன்தான், ஆனால் நான் கடைசியாகப் பார்த்த முப்பத்திரண்டு வயது அந்தோணி இல்லை. தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, ஐம்பதைத் தாண்டின அந்தோணி. எங்கள் அப்பாவின் மூக்கு, அம்மாவின் மேலுதடு. புருவத்துத் தழும்பு மட்டும் எனக்குத் தெரியாதது, அவனுக்கு அப்படி ஒரு தழும்பே கிடையாது.

மீராவிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லாருக்கும் நடக்கிறதுதான் சார். பிரிண்டைப் பாத்துப் போடறோம்னு நாம நினைப்போம், கை அதுக்குப் பழக்கமான முகத்தைப் போட்டுட்டு இருக்கும். என் படத்துல எல்லாம் எங்க அம்மா வந்துடுவாங்க." கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவ்வளவுதானே, மனசு செய்கிற வேலை. அதோடு திருத்துவதை விட்டுவிட்டேன். கையெழுத்தைப் போட்டு முடித்தும் விட்டேன்.

மே மாதம் சீசனில், ஊரே சுற்றுலாக்காரர்களால் நிறைந்திருக்கும்போது, ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் படங்களை மீரா கண்காட்சியாக வைத்தார், சனி ஞாயிறு இரண்டு நாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு அட்டை, அதில் வரைந்தவர் பெயர். என் படத்தின் கீழே சகாயம் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஸ்டெல்லா வந்தாள், அதுவரை அவள் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு, "என்னங்க, உங்க அண்ணன இப்படி வயசாக்கி வெச்சிருக்கீங்க" என்றாள். நான் மீரா சொன்னதை அவளுக்கும் சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பெண்மணி வந்தார், ஐம்பது வயது இருக்கும், பூ கண்காட்சியைப் பார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கினவர். கூடவே கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு மகள். என் படத்துக்கு முன்னால் வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா. நம்ம சகாயம் அண்ணன் படத்த மாட்டி வெச்சிருக்காக பாரு. எதுக்கு இவருக்கு இந்த வேசம்?"

மகள் குனிந்து அட்டையைப் படித்துவிட்டு, "ஆமாம்மா, பேரும் போட்டிருக்காங்க" என்றாள்.

நான் பக்கத்தில் போய், அது என் பெயர், வரைந்தது நான், படத்தில் இருப்பது ஒரு வெள்ளைக்காரர், அந்தக் காலத்து ஆள் என்று விளக்கினேன். அந்த அம்மா என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லங்க சார். இது எங்க தோட்டத்து வாச்மேன் அண்ணன். ஆடலூர்ல காப்பித் தோட்டம், ஏழெட்டு வருசமா இருக்காரு. நெத்தித் தழும்பு கூட அப்படியே இருக்கே. சில்வர் ஓக் மரத்துல கொப்பு கழிக்கையில அருவா தெறிச்சு விழுந்த காயம், நான்தான் மஞ்சள அப்பி விட்டேன். இப்ப பாவம், சீக்கா கெடக்காரு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு, சோறு எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணேன்னா வர மாட்டேங்காரு."

பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று சொல்லி, மகளின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கி எங்கள் நம்பரையும் கொடுத்தது ஸ்டெல்லா, நான் இல்லை. மழை விட்டதும் அவர்கள் வெரசாகப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்கலாம், அன்றைக்கே ஏன் போகவில்லை என்று. ஸ்டெல்லாவும் கேட்டாள், இரவெல்லாம் கேட்டாள். நான் அவளுக்குப் பதில் வைத்திருந்தேன். அந்த அம்மா அட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அதையே வாச்மேன் பெயர் என்று குழப்பிக்கொள்கிறார், தாடி வைத்த ஒல்லியான ஆள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருப்பான், கிழவர்களில் பாதிப் பேருக்கு எங்காவது ஒரு தழும்பு இருக்கத்தான் செய்யும். லேபில் ஒரு ரிசல்ட் நம்ப முடியாததாக வந்தால் மெஷினைச் சந்தேகப்படுவோம், அந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு முடித்தேன். தவிர, சீசன் நேரம், லேபில் லீவு கிடைக்காது என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னால் நான் பயந்தேன். அங்கே அவன் இல்லாவிட்டால் பரவாயில்லை, இருந்துவிட்டால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இருந்தது, அடுத்த படம் தொடங்க வேண்டும். நான் போகவில்லை. கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்த படத்தைத் துணி சுற்றி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் திருப்பி வைத்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தோட்டத்தில் காலிஃப்ளவர் பாத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா சமைக்கவில்லை. "நீங்க போகலைன்னா நான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பைக்கை எடுத்தேன், இரண்டு பேருமே போனோம். பெருமாள்மலை இறங்கி, தாண்டிக்குடி வழியாக, மலையைச் சுற்றிச் சுற்றி ஆடலூர் போய்ச் சேரும்போது பதினொரு மணி. காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு தகர ஷெட். பேச்சியம்மாள் அதன் வாசலில் எதையோ கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த வாளியை வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

சனிக்கிழமை போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து எல்லையில் புதைத்துவிட்டார்கள். கழுத்தில் ஜெபமாலை கிடந்ததால் எரிக்க வேண்டாம் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். ஸ்டெல்லா கொடுத்த எங்கள் நம்பரைப் பேச்சியம்மாளின் மகள் தொலைத்துவிட்டு, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதும் நான் என்ன கேட்டேன் தெரியுமா, "என் அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பேச்சியம்மாள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஒரு பிளாஸ்டிக் கவரில் பழைய டிரைவிங் லைசென்ஸ். புதுப்பிக்காமலே விட்டது. அதில் முப்பது வயது அந்தோணி, அப்பா பெயர், செண்பகனூர் விலாசம்.

நான் பெயரை வாய்விட்டுப் படித்ததும், "இது அவுக பேரா?" என்றார் பேச்சியம்மாள். "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுங்க. சகாயம்னுதான் எங்ககிட்டச் சொன்னாரு."

அட்டையைப் படித்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நான் முடிவு கட்டின பெண்மணிக்குப் படிக்கவே தெரியாது. என் அண்ணன் இத்தனை வருடமும் என் பெயரில் இருந்திருக்கிறான். ஸ்டெல்லா ஷெட் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எப்படிப் போனான் என்று மட்டும் கேட்டேன்.

பேச்சியம்மாள் ஷெட்டுக்கு முன்னால் கிடந்த ஒரு மர நாற்காலியைக் காட்டினார்.

"இதுல உக்காந்தபடிக்குத்தான். இப்பக் கொஞ்ச நாளாவே அவுகளுக்கு ஒரு வழக்கம் சார். சனிக்கெழமை ஆனா ரெண்டு மணிக்குச் சட்டையப் போட்டு, தலையச் சீவி, இந்த நாக்காலியப் போட்டு உக்காந்துருவாரு. அஞ்சு மணி பஸ்ஸு சத்தம் கேக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. ஈ வந்து மூஞ்சில உக்காந்தாலும் ஓட்ட மாட்டாரு. என்னண்ணே இதுன்னு கேட்டா, உதட்ட அசைக்காம, 'சும்மா இரு தாயி, ஆடக் கூடாது'ம்பாரு."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் வகுப்பு நேரத்தை நான் அந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை. ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு நா நச்சரிச்சுக் கேட்டேன், யாருக்காக இந்தத் தவசுன்னு. 'எந்தம்பி என்னையப் பாத்துக்கிட்டிருக்கான்'னாரு. அதச் சொல்லையில அவுக மூஞ்சியப் பாக்கணுமே சார், அவ்வளவு சந்தோசம்." பேச்சியம்மாள் சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடைசிச் சனிக்கெழம எந்திரிக்கவே முடியல, புடிச்சுக் கொண்டாந்து உக்கார வெச்சேன். மூணு மணி இருக்கும். 'இன்னைக்கு அவன் வரல தாயி'ன்னாரு. நான் கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்தாரதுக்குள்ள தல சாஞ்சு போச்சு."

மூன்று மணிக்கு நான் காலிஃப்ளவர் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பீரோ சந்திலிருந்து படத்தை இழுத்து, துணியை அவிழ்த்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். இனிமேல் அந்த முகத்தையாவது வைத்துக்கொள்ளலாம், அதனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தது. படத்தில் அந்த வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். உப்பிய கன்னம். கீறல் இல்லாத புருவம். சாம்பல் கலந்த வெள்ளையில் தெளிவான கண். கையெழுத்து என்னுடையது, பிரஷ் தடம் என்னுடையது, காலரில் நான் ஒரு இடத்தில் செய்த தப்பு அப்படியே இருந்தது. மீராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் இதுக்குத்தான் அத்தனை தடவை உங்களைத் திட்டினேனா?" என்று மெதுவாகக் கேட்டார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அந்த வருடமே வகுப்பை முடித்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்.

போட்டோ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கண்காட்சியில் ஸ்டெல்லா போனில் எடுத்தது. ஆயில் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும், ஜன்னல் வெளிச்சம் சரியாக முகத்தின் மேல் வெள்ளையாக விழுந்திருக்கிறது. கோட்டும் காலரும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று வைத்திருக்கிறேன். கூடப் பிறந்தவன், ரத்தம் ஒன்று, நான் இங்கே நின்று அவனை வரைய வரைய அங்கே அவனுக்கு ஏதோ தட்டியிருக்கிறது, அப்படி நினைத்தால் பயம் கூடப் போய்விடுகிறது. ஆனால் முப்பதாம் நாள் பூசைக்குச் சிலுவை நடுவதற்காக நான் மட்டும் மறுபடி ஆடலூர் போனேன், அன்றைக்குப் பேச்சியம்மாளிடம் பேச்சுவாக்கில், எப்போதிருந்து அண்ணன் அப்படி உட்கார ஆரம்பித்தார் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கார்த்திக மாசத்துல இருந்துங்க. எனக்கு நல்லா நெனப்பிருக்கு, தீவத்துக்கு வெளக்கு வெக்கக் கூட்டிப் பெருக்கணும், நாக்காலிய நவுத்திப் போடுங்கண்ணேன்னேன், ஆடக் கூடாதுன்னுட்டாரு."

பேக்கரிக் கதவில் அந்த நோட்டீஸை நான் பார்த்தது பொங்கல் கழித்து. கார்த்திகையில் எனக்குப் படம் வரைகிற எண்ணமே கிடையாது, டாக்டரிடம் கூட இன்னும் போயிருக்கவில்லை. மீரா கொடைக்கானலுக்கே வந்திருக்கவில்லை.

"அப்பவும் தம்பி பாக்குறான்னுதான் சொன்னாரா?"

"அதே பேச்சுத்தான் சார். ஆனா அப்பத் தூரமாப் பாக்க மாட்டாரு." அவர் கை நீட்டிக் காட்டினார், நாற்காலியிலிருந்து பத்தடி கூட இருக்காது, இரண்டு காப்பிச் செடிக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. "இங்கனயேதான் பாத்துக்கிட்டிருப்பாரு. பொங்கலுக்கு அப்புறந்தான் மலைய அண்ணாந்து பாக்க ஆரம்பிச்சாரு."

நான் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து நாற்காலி நன்றாகத் தெரிந்தது, அதில் ஒருவர் உட்கார்ந்தால் முகத்தில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்றுகூடத் தெரிந்தது. காலடியில் மண் மட்டும் மற்ற இடம் மாதிரி சருகு மூடிக் கிடக்கவில்லை. யாரோ ரொம்ப நாள் நின்ற மாதிரி, இரண்டு பாதம் பதிந்த அளவுக்குத் தரை இறுகிக் கிடந்தது.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.